ஷோரூம்ல 2 லட்சம், இன்ஸ்டாவுல 1.40 லட்சம்... லக்ஸுரி வாட்ச் எங்கே வாங்கலாம்? பணம் அனுப்பும் முன்னாடி இதைப் படிங்க!

இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே போறீங்க. கறுப்பு வெல்வெட் துணி மேல ஒரு ஸ்விஸ் வாட்ச் மெதுவா சுத்துது. கீழே, 'ஷோரூம் விலை 2 லட்சம்... நம்மகிட்ட 1.40 லட்சம்தான். பாக்ஸ், கார்டு எல்லாம் இருக்கு. ஒரே பீஸ். டி.எம் பண்ணுங்க!' விரல் அப்படியே நின்னுடுது இல்லையா?

இந்த விளம்பரம் சென்னை, பெங்களூருக்கு மட்டும் வர்றதில்லை. குண்டடம் பஸ் ஸ்டாப்புல திருப்பூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கறவங்க போனுக்கும் அதேதான் வருது. பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கற தம்பி முதல் பெரிய போனஸ்ல தனக்குனு ஒண்ணு வாங்கணும்னு நினைக்கறாரு. தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு 'நல்ல வாட்ச்' போடணும்னு அண்ணன் சீட்டுப் பணத்தை எடுத்து வெச்சிருக்காரு. 60,000 ரூபாய் மிச்சம்னா யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனா, இங்கே கணக்கு 60,000 ரூபாய் மிச்சம் மட்டுமில்லை. மீதி 1.40 லட்சம் பத்திரமா இருக்குமாங்கறதும்தான். ஷோரூம்ல வாங்கறதுக்கும் வெளியில வாங்கறதுக்கும் என்னதான் வித்தியாசம்? ஒண்ணு ஒண்ணா பார்த்துடலாம்.

முதல்ல, ஒரு காதர்பேட்டை கணக்கு!

திருப்பூர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்கறது ரொம்ப ஈஸி. காதர்பேட்டைக்குப் போயிருப்பீங்க. ஒரு வெளிநாட்டு பிராண்டோட டி-ஷர்ட் அங்கே மூணு விதமா கிடைக்கும்.

ஒண்ணு, அந்த பிராண்டே மால்ல கடை போட்டு, தன்னோட விலையில விக்கறது. ரெண்டாவது, 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்'. அதே பேக்டரி, அதே துணி, அதே தையல்தான். ஆர்டருக்கு மேல தைச்சது, கடைசி நேரத்துல கேன்சல் ஆனதுனு வெளியே வந்த சரக்கு. மூணாவது, எங்கேயோ தைச்ச பனியன்ல அந்த பிராண்ட் லேபிளை மட்டும் ஒட்டினது.

வாட்ச்லயும் இதே மூணுதான். பிராண்ட் நேரடியா அனுமதி கொடுத்த கடைக்காரர்தான் 'அங்கீகாரம் பெற்ற டீலர்'. ஒரிஜினல் வாட்ச்தான், ஆனா பிராண்டோட அனுமதி இல்லாத வழியில கைமாறி வருதுன்னா அது 'கிரே மார்க்கெட்'. மூணாவது, நமக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்ச டூப்ளிகேட். 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி', 'சூப்பர் க்ளோன்'னு எத்தனை பேர் வெச்சாலும் அது டூப்ளிகேட்தான்.

டி-ஷர்ட்ல சர்ப்ளஸ்னு நினைச்சு டூப்ளிகேட்டை வாங்கிட்டா 300 ரூபாய் போகும். ரெண்டு துவைப்புல தெரிஞ்சுடும். வாட்ச்ல லட்சம் போகும். சில நேரம் 2 வருஷம் கழிச்சு, சர்வீஸுக்குக் கொண்டுபோறப்பதான் விஷயமே தெரியும். வித்தியாசம் அங்கேதான்.

ஒரிஜினல் எப்படி குறைஞ்ச விலைக்கு வரும்?

'விலை குறைச்சலா இருந்தாலே டூப்ளிகேட்தான்'னு சொல்லிட முடியாது. உண்மையான காரணங்களும் இருக்கு.

ஒரு நாட்டுல இருக்கற டீலர்கிட்ட சரக்கு தேங்கிப்போகும். ஷோரூம்ல பெரிய தள்ளுபடி போர்டு வெச்சா பிராண்டுக்குப் பிடிக்காது. அதனால, மொத்தமா வேற வியாபாரிகிட்ட தள்ளிவிட்டுடுவாங்க. அது நாடு விட்டு நாடு போகும்.

அடுத்தது, வரி. வெளிநாட்டு வாட்சுக்கு நம்ம நாட்டுல பல வருஷமா சுங்க வரி 20 சதவிகிதம். அதுக்கு மேல ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். 1 லட்ச ரூபாய் மதிப்புல ஒரு வாட்ச் துறைமுகத்துக்கு வருதுன்னு வெச்சுக்குவோம். சுங்க வரி சேர்ந்தா 1,20,000. அதுக்கு ஜி.எஸ்.டி 21,600. ஆக 1,41,600 ரூபாய். கடைக்காரர் லாபம், வாடகை எல்லாம் இதுக்கு அப்புறம்தான். அதே வாட்சுக்கு துபாய்ல வாட் வரி 5 சதவிகிதம், சிங்கப்பூர்ல ஜி.எஸ்.டி 9 சதவிகிதம். சுற்றுலாப் பயணியா போனா அதையும் திரும்ப வாங்கிக்க வழி இருக்கு. விலை வித்தியாசம் எங்கே இருந்து வருதுன்னு இப்போ புரியுதா?

இதுல ஒரு நல்ல செய்தியும் இருக்கு. ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட 4 நாடுகள் இருக்கற 'எஃப்டா' கூட்டமைப்போட இந்தியா 2024 மார்ச்ல ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டுச்சு. 2025 அக்டோபர் 1-ம் தேதியில இருந்து அது நடைமுறைக்கு வந்துடுச்சு. ஸ்விஸ் வாட்சுக்கான சுங்க வரி 7 வருஷத்துல படிப்படியா குறைஞ்சு இல்லாமலே போகணும்ங்கறதுதான் ஏற்பாடு. அதனால, 'இப்பவே வாங்கலைன்னா விலை ஏறிடும் ப்ரோ'ன்னு யாராவது அவசரப்படுத்தினா, பதறாதீங்க.

மூணாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. வரியே கட்டாம, கையில கட்டிக்கிட்டு ஏர்போர்ட்டைத் தாண்டி வர்ற வாட்ச். விலை குறைவுக்கு இது காரணம்னா, பிரச்னை வித்தவரோட முடியாது. உங்க வீட்டுக்கும் வரும். எப்படின்னு கொஞ்சம் கீழே பார்க்கலாம்.

சில மாடல்கள்ல கதையே தலைகீழா இருக்கும். ரோலெக்ஸ் டேடோனா மாதிரி டிமாண்ட் அதிகமா இருக்கற வாட்ச், ஷோரூம்ல கேட்ட உடனே கிடைக்காது. பேர் எழுதி வெச்சுக் காத்திருக்கணும். அதனால கிரே மார்க்கெட்ல அதுக்கு ஷோரூம் விலையைவிட அதிக விலை. அந்த மாதிரி மாடலை ஒருத்தர் 'பாதி விலை'னு சொல்றாருன்னா, யோசிக்கவே வேண்டாம். போனை வெச்சுடுங்க.

ஷோரூம்ல கூடுதலா கொடுக்குற காசு எதுக்கு?

ஏ.சி-க்கும் காபிக்கும் மட்டும் இல்லைங்க. முக்கியமா மூணு விஷயத்துக்கு.

முதலாவது, வாரன்டி. ரோலெக்ஸும் ஒமேகாவும் இப்போ 5 வருஷ சர்வதேச வாரன்டி தர்றாங்க. உலகத்துல எங்கே இருக்கற அவங்க சர்வீஸ் சென்டருக்கும் போகலாம். ஆனா அது செல்லணும்னா, அங்கீகாரம் பெற்ற டீலர் விற்ற தேதியோட வாரன்டி கார்டு முறையா இருக்கணும். கிரே மார்க்கெட் கடைகள்ல பலதும் 'எங்க கடை வாரன்டி 2 வருஷம்'னு சொல்லும். அது அந்தக் கடை கொடுக்குற வாக்கு. கடை இருக்கற வரைக்கும் வாக்கு இருக்கும். இன்ஸ்டா அக்கவுன்ட் பேர் மாறிடுச்சுன்னா யார்கிட்ட போய் நிப்பீங்க?

ரெண்டாவது, சர்வீஸ். ஆட்டோமேட்டிக் வாட்சுங்கறது பேட்டரி இல்லாம, நூத்துக்கும் மேல சின்னச் சின்ன பாகங்களோட ஓடற இயந்திரம். மாடலைப் பொறுத்து 5-ல இருந்து 10 வருஷத்துக்கு ஒருமுறை பிரிச்சு, சுத்தம் பண்ணி, எண்ணெய் போடணும். பிராண்ட் சர்வீஸ்னா செலவு பல ஆயிரம் ரூபாய் ஆகும். விலை உயர்ந்த வாட்ச்ல இன்னும் எகிறும். ஒரிஜினலா இருந்தா, கிரே மார்க்கெட்ல வாங்கினதையும் காசு கொடுத்து சர்வீஸ் பண்ணிக்கலாம். ஆனா நடுவுல யாராவது திறந்து, டூப்ளிகேட் பாகத்தை உள்ளே வெச்சிருந்தா, சர்வீஸ் சென்டர் கையை விரிச்சுடும்.

மூணாவது, பில். இதைத்தான் நாம யாருமே பெருசா எடுத்துக்கறதில்லை. ஆனா நகைக்கு பில் எவ்வளவு முக்கியமோ, வாட்சுக்கும் அவ்வளவு முக்கியம். ஒருவகையில அதைவிட முக்கியம்னே சொல்லலாம். அது ஏன்?

வாட்சுக்குன்னே ஒரு சட்டப் பிரிவு!

சட்டத்துல பொதுவா, ஒருத்தர் தப்பு பண்ணினார்னா குற்றம் சாட்டறவங்கதான் அதை நிரூபிக்கணும். ஆனா, 1962-ம் வருஷ சுங்கச் சட்டத்தோட 123-வது பிரிவு சில பொருள்களுக்கு இதைத் திருப்பிப் போடுது. கடத்தல் பொருள்னு நியாயமா சந்தேகப்பட்டு அதிகாரிகள் பறிமுதல் செஞ்சா, 'இது கடத்தி வந்ததில்லை'ன்னு நிரூபிக்க வேண்டியது, அதை வெச்சிருந்தவரோட பொறுப்பு. அந்தப் பட்டியல்ல சட்டத்துலயே பேர் சொல்லி எழுதியிருக்கறது தங்கமும் வாட்சும்தான்!

வாட்ச் ஏன் தங்கத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு? உங்க தாத்தாகிட்ட கேட்டுப்பாருங்க, கதை கதையா சொல்லுவாரு. வெளிநாட்டுப் பொருளுக்குக் கட்டுப்பாடு கடுமையா இருந்த காலம் அது. ஹெச்.எம்.டி நிறுவனம் ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி உதவியோட 1961-ல பெங்களூர்ல வாட்ச் தயாரிக்க ஆரம்பிச்சிருந்தாலும், 'ஃபாரின் வாட்ச்' மேல இருந்த மோகம் போகலை. பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழர்களோட பிழைப்புக்காக 1960-களோட கடைசியில சென்னை கடற்கரை ரயில் நிலையம் பக்கம் உருவான பர்மா பஜார், அந்த மோகத்துக்குப் பேர் போன இடமாச்சு. அப்புறம் டாடாவும் தமிழக அரசோட டிட்கோவும் சேர்ந்து 1984-ல டைட்டனைத் தொடங்கி, ஓசூர்ல பேக்டரி வந்த பிறகுதான், உள்ளூர் வாட்சே கெத்துன்னு ஆச்சு. காலம் மாறிடுச்சு. ஆனா அந்தச் சட்டப் பிரிவு இன்னமும் இருக்கு.

இது பழைய கதைன்னு நினைச்சுடாதீங்க. 2024 பிப்ரவரியில சென்னை ஏர்போர்ட்ல, சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒரு பயணிகிட்ட இருந்து பட்டேக் பிலிப், ப்ரெகே வாட்ச் ரெண்டை சுங்கத்துறை பறிமுதல் செஞ்சது. ரெண்டோட மதிப்பு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல!

அப்படின்னா கிரே மார்க்கெட்டே சட்டவிரோதமா? இல்லை. சாம்சங் பிரின்டர்களை வெளிநாட்டுல வாங்கி இங்கே இறக்குமதி செஞ்சு வித்த வியாபாரி மேல போட்ட வழக்குல, டெல்லி உயர் நீதிமன்றம் 2012-ல ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னுச்சு. ஒரிஜினல் பொருளை முறையா இறக்குமதி செஞ்சு விக்கறதை டிரேட்மார்க்கை மட்டும் காட்டித் தடுக்க முடியாது. ஆனா, 'இது இறக்குமதி செஞ்ச சரக்கு, கம்பெனி வாரன்டி கிடையாது'ன்னு கடையில நல்லாத் தெரியற மாதிரி எழுதி வைக்கணும்னு சொல்லிடுச்சு.

இதுல நமக்கு ஒரு எளிமையான அளவுகோல் கிடைக்குது. வரி கட்டின ரசீது, ஜி.எஸ்.டி பில், 'கம்பெனி வாரன்டி இல்லை, எங்க வாரன்டிதான்'னு நேர்மையான பேச்சு... இது மூணும் இருந்தா அது வியாபாரம். மூணுல எதைக் கேட்டாலும் மழுப்பினா, நகர்ந்துடுங்க.

ஊரே பேசின ஒரு வாட்ச் பில்

பில் எவ்வளவு பெரிய விஷயமாகும்னு தமிழ்நாடே ஒருமுறை பார்த்திருக்கு. 2022 டிசம்பர்ல, அப்போ பா.ஜ.க மாநிலத் தலைவரா இருந்த அண்ணாமலை கட்டியிருந்த 'ரஃபேல்' வாட்ச் பெரிய பேச்சாச்சு, ஞாபகம் இருக்கா? பெல் அண்ட் ராஸ் கம்பெனி மொத்தமே 500 பீஸ்தான் போட்ட லிமிடெட் எடிஷன். அவர்கிட்ட இருந்தது 147-வது. 'பில் எங்கே?'ன்னு தி.மு.க தரப்புல கேட்க, மாசக்கணக்கா விவாதம் ஓடுச்சு. 2023 ஏப்ரல் 14-ம் தேதி அவர் ஒரு பில்லை வெளியிட்டாரு. கோவையைச் சேர்ந்த ஒருத்தர் 2021 மார்ச்ல 4.5 லட்ச ரூபாய்க்கு வாங்கினதை, மே மாசம் தான் 3 லட்ச ரூபாய்க்கு வாங்கினதா சொன்னாரு. அதுக்கும் எதிர்த்தரப்பு கேள்விகளை எழுப்புச்சு.

அரசியலை அவங்க பார்த்துக்கட்டும். வாட்ச் வாங்கற நமக்கு இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, கைமாறின வாட்சுக்கு, முதல்ல வாங்கினவரோட பில், அவர்கிட்ட இருந்து நீங்க வாங்கினதுக்கான ரசீதுன்னு ரெண்டு தாள் வேணும். சீரியல் நம்பர் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். ரெண்டாவது, அவர் சொன்ன கணக்குப்படியே பார்த்தாலும், ரெண்டே மாசத்துல விலை மூணுல ஒரு பங்கு இறங்கியிருக்கு. அதுவும் லிமிடெட் எடிஷன்! 'வாட்ச் ஒரு இன்வெஸ்ட்மென்ட் ப்ரோ'ன்னு சொல்றவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. விலை ஏறற வாட்ச் விரல் விட்டு எண்ணக்கூடிய சில மாடல்கள்தான். மத்ததெல்லாம் புது பைக் மாதிரி. ஷோரூம் வாசலைத் தாண்டினதுமே விலை இறங்கும்.

துபாய்ல இருந்து மச்சான் வர்றாரா?

இது நம்ம ஊர்ல ரொம்ப சகஜமான வழி. நல்ல வழியும்கூட. ஆனா முறையா செய்யணும். அங்கே அங்கீகாரம் பெற்ற டீலர்கிட்டயே வாங்கச் சொல்லுங்க. சர்வதேச வாரன்டி உள்ள பிராண்டுன்னா இங்கேயும் செல்லும். பில்லை பத்திரமா கொண்டுவரச் சொல்லுங்க. வரியில்லாம கொண்டு வரக்கூடிய மதிப்புக்கு ஒரு வரம்பு இருக்கு. அது அப்பப்போ மாறும்ங்கறதால, கிளம்பறதுக்கு முன்னாடி சுங்கத்துறை இணையதளத்துல ஒருமுறை பார்த்துக்கங்க. வரம்பைத் தாண்டினா, ஏர்போர்ட்ல சிவப்பு வழியில போய்ச் சொல்லி, வரி கட்டி, ரசீது வாங்கிட்டு வரணும். அந்த ரசீதும் வாட்ச் பாக்ஸுக்குள்ளேயே இருக்கட்டும்.

'பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு கையில கட்டிட்டு வந்துடு மச்சான்'னு மட்டும் சொல்லாதீங்க. 60,000 ரூபாயைக் காப்பாத்தப் போய், வாட்சும் போய், அவரோட பயணமும் சிக்கலாகும்.

மூட்டைக்குள்ளே மிளகா, பயறா?

குண்டடம் கொங்கு வடுகநாதர் கோயில் காலபைரவரைப் பத்தி ஊர்ல ஒரு கதை சொல்வாங்க. மிளகு மூட்டைகளோட வந்த ஒரு வியாபாரிகிட்ட ஒருத்தர் கொஞ்சம் மிளகு கேட்டாராம். கொடுக்க மனசில்லாம, 'இது பச்சைப்பயறு'ன்னு பொய் சொல்லிட்டாராம் வியாபாரி. சந்தையில மூட்டையைப் பிரிச்சா, நிஜமாவே பயறு! நம்ம டூப்ளிகேட் வியாபாரிங்க இதுக்கு நேர் எதிர். பயறைக் கட்டிட்டு வந்து மிளகுன்னு விக்கறாங்க. மூட்டையைப் பிரிச்சுப் பார்க்க வேண்டியது நாமதான்.

பழைய டிப்ஸ் எதுவும் இப்போ வேலைக்கு ஆகாது. 'வினாடி முள் டக் டக்னு நிக்காம வழுக்கிட்டுப் போனா ஒரிஜினல்'னு சொல்வாங்க. சாதாரண ஆட்டோமேட்டிக் இயந்திரம் வெச்ச டூப்ளிகேட்லயும் முள் அப்படித்தான் ஓடும். 'வெயிட்டா இருந்தா ஒரிஜினல்'னு சொல்வாங்க. டூப்ளிகேட்டும் இப்போ நல்ல ஸ்டீல்லதான் வருது. 'பாக்ஸ், கார்டு இருக்கே'ன்னு நிம்மதி ஆகாதீங்க. அதையும்தான் அச்சடிக்கறாங்க. சீரியல் நம்பரையும், எங்கேயோ ஓடிட்டிருக்கற ஒரு நிஜ வாட்ச்ல இருந்து எடுத்துப் பொறிச்சுடறாங்க.

இதைவிட ஆபத்தானது பாதி ஒரிஜினல். மேலே கேஸ் ஒரிஜினல், உள்ளே இயந்திரம் வேற. இல்லைன்னா இயந்திரம் ஒரிஜினல், டயல் புதுசா பெயின்ட் அடிச்சது. பழைய ஹெச்.எம்.டி வாட்சுகளை இணையத்துல கலர் கலரான டயலோட பார்த்திருப்பீங்க. அதுல நிறைய, கம்பெனி அந்தக் கலர்ல விடவே இல்லாதது. சேகரிக்கறவங்க இதை கிண்டலா 'மும்பை ஸ்பெஷல்'னு சொல்வாங்க. கட்டிக்க ஆசையா இருந்தா தாராளமா வாங்குங்க. 'அரிய வாட்ச்'னு நினைச்சு ஆயிரக்கணக்குல கொடுத்துடாதீங்க.

சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்காம மாடு வாங்குவோமா? வாட்சுக்குப் பல்லு, பின்மூடிக்கு உள்ளே இருக்கு. பயன்படுத்தின வாட்ச் வாங்கறப்ப, நல்ல வாட்ச் மெக்கானிக் முன்னாடி பின்மூடியைத் திறந்து பார்க்க விற்பவர் சம்மதிக்கணும். 'திறந்தா வாட்டர் புரூஃப் போயிடும்'னு சொன்னா, 'திறந்த பிறகு பிரஷர் டெஸ்ட் செலவு என்னது'ன்னு சொல்லுங்க. அப்பவும் மறுத்தா காரணம் வேற.

சரி, எங்கேதான் வாங்கறது?

ஷோரூம்னாலே எல்லாம் சரின்னும் இல்லை. விலை கறாரா இருக்கும். பிரபலமான மாடல் கேட்டா காத்திருக்கச் சொல்வாங்க. குண்டடத்துல இருந்து கோவைக்கோ சென்னைக்கோ போய் வரணும். அதனால, உங்க நிலைமையைப் பொறுத்து முடிவு பண்ணுங்க.

முதல் லக்ஸுரி வாட்ச், இல்லைன்னா கல்யாணத்துக்குப் போடற வாட்ச்னா, அங்கீகாரம் பெற்ற டீலர்தான். இதுல யோசனையே வேண்டாம். மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் மூணாம் மாசம் நின்னுபோய், சர்வீஸ் சென்டர்ல 'இது எங்க வாட்சே இல்லை'ன்னு சொன்னா, நஷ்டம் காசோட போகாது. அந்தப் பேச்சு தங்கச்சி வீட்டுல எத்தனை வருஷம் ஓடும்னு நினைச்சுப்பாருங்க. தவிர, கூட்டமில்லாத நாள்ல போய் கொஞ்சம் பேசிப்பாருங்க. டிமாண்ட் குறைவான மாடல்னா ஷோரூம்லயும் விலை குறைச்சுத் தரலாம். கார்டு ஆஃபர், பண்டிகை ஆஃபரும் இருக்கும். கேட்கறதுல கூச்சம் எதுக்கு?

பட்ஜெட் இடிக்குதா? அதே வாட்சை வெளியில தேடறதைவிட, அதே பட்ஜெட்ல வேற பிராண்டை ஷோரூம்ல வாங்கறது பல நேரம் புத்திசாலித்தனம். 1.40 லட்சத்துக்கு பில், வாரன்டியோட நல்ல ஆட்டோமேட்டிக் வாட்ச் தாராளமா கிடைக்கும். ஓசூர்ல இருந்து வர்ற டைட்டன்லயும் எட்ஜ் மாதிரி, உலக அளவுல மெலிசுக்குப் பேர் வாங்கின வாட்ச் இருக்கு.

பயன்படுத்தினதுதான் வேணும்னா, சோதிச்சு, உத்தரவாதத்தோட விக்கற இடமா பாருங்க. ரோலெக்ஸே 2022 டிசம்பர்ல இருந்து வெளிநாட்டு டீலர்கள் மூலமா, தான் சோதிச்ச பழைய வாட்சுகளை 2 வருஷ கேரன்டியோட விக்க ஆரம்பிச்சது. நம்ம நாட்டுல எத்தோஸ் நிறுவனம் 'செகண்ட் மூவ்மென்ட்'ங்கற பேர்ல பயன்படுத்தின வாட்சுக்குன்னே தனிப் பிரிவு நடத்துது.

கிரே மார்க்கெட் யாருக்கு? நாலஞ்சு வாட்ச் வாங்கி அனுபவம் உள்ளவங்க, அந்த வியாபாரியை வருஷக்கணக்கா தெரிஞ்சவங்க, வாரன்டி இல்லாட்டியும் பரவாயில்லைன்னு மிச்சமாகற காசுல ஒரு பகுதியை சர்வீஸுக்குத் தனியா எடுத்து வைக்கறவங்க. இந்த மூணும் நீங்கதான்னா, தைரியமா போங்க.

பணம் அனுப்பும் முன்னாடி 8 கேள்விகள்

1. பிராண்டோட சொந்த இணையதளத்துல 'ஸ்டோர் லொகேட்டர்'னு இருக்கும். அதுல இந்தக் கடையோட பேரும் முகவரியும் இருக்கா? கடை வாசல்ல இருக்கற போர்டை நம்பாதீங்க. அந்தப் பட்டியலை நம்புங்க.

2. ஆன்லைன் தளம்னா, விக்கறது யார்? பெரிய தளமா இருந்தாலும் உள்ளே ஆயிரம் விற்பனையாளர்கள். 'சோல்ட் பை'ங்கற இடத்துல இருக்கற பேரைப் பாருங்க.

3. பெட்டியில இறக்குமதியாளர் பேர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, எம்.ஆர்.பி எல்லாம் அச்சடிச்ச ஸ்டிக்கர் இருக்கா? முறையா இறக்குமதியாகி வர்ற பேக் பண்ணின பொருளுக்கு இது கட்டாயம்.

4. பில்லுல ஜி.எஸ்.டி நம்பர், மாடல் நம்பர், வாட்சோட சீரியல் நம்பர் மூணும் இருக்கா? ஜி.எஸ்.டி நம்பரை அரசு தளத்துல போட்டா கடை பேர் வந்துடும். 2 நிமிஷ வேலை.

5. வாரன்டி கார்டுல தேதி எழுதியிருக்கா? 'தேதி போடாத கார்டு, நீங்களே எழுதிக்கங்க'ன்னு கொடுத்தா அதைப் பெருமையா வாங்காதீங்க. அது பிரச்னைக்கான அறிகுறி.

6. பணம் எப்படிக் கேட்கறாங்க? கடை பேர்ல உள்ள வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு சரி. தனி ஆள் பேருக்கு யு.பி.ஐ, 'பாதி அட்வான்ஸ் போடுங்க, இன்னொருத்தர் கேட்டுட்டிருக்காரு'ன்னா வேண்டாம். 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறதையே வருமான வரிச் சட்டம் தடை செய்யுது. வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். அதைக் கேட்கற கடைக்காரர் வேற எதையெல்லாம் மறைப்பாருன்னு யோசிங்க.

7. வாட்ச் விலை 10 லட்சத்துக்கு மேலயா? 2025 ஏப்ரல் 22-ம் தேதியில இருந்து அதுக்கு 1 சதவிகிதம் டி.சி.எஸ் பிடிக்கணும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யறப்ப அதை நீங்க கழிச்சுக்கலாம். 'அதெல்லாம் இல்லாம முடிச்சுடலாம்'னு சொன்னா, பில்லே இல்லாம முடிக்கப் போறாங்கன்னு அர்த்தம்.

8. பிடிக்கலைன்னா, டூப்ளிகேட்னு தெரிஞ்சா, பணம் திரும்ப வருமா? பதிலை எழுத்துல வாங்குங்க. வாட்ஸ்அப் மெசேஜ்னாலும் பரவாயில்லை, அழிக்காம வெச்சிருங்க.

ஏமாந்துட்டா என்ன பண்றது?

பணம் அனுப்பி, வாட்சே வரலைன்னா ஒரு மணி நேரம்கூட தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க. சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது. சீக்கிரம் சொன்னா, பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ளே முடக்க வாய்ப்பு அதிகம்.

கடையில வாங்கின வாட்ச் டூப்ளிகேட்னு தெரிஞ்சா, முதல்ல பிராண்ட் சர்வீஸ் சென்டர்ல அதை எழுத்துபூர்வமா வாங்க முயற்சி பண்ணுங்க. அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கேயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரைக்கும்னா புகார் கட்டணமே இல்லை. வீட்டுல இருந்தே ஆன்லைன்ல தாக்கல் செய்யலாம். 'சும்மா விட்டுடு, மானம் போயிடும்'னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க. மானம் போக வேண்டியது வித்தவருக்கு.

ஆனா ஒண்ணு, வியாபாரமா விக்காத தனி ஆள்கிட்ட வாங்கியிருந்தா நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் கைகொடுக்காது. போலீஸ் புகார்தான் வழி. அங்கேயும் முதல் கேள்வி, 'பில் இருக்கா?'

வாட்ச் எவ்வளவு விலையா இருந்தாலும் காட்டப்போறது ஒரே நேரம்தான். சான்றிதழ் வாங்கின ஸ்விஸ் ஆட்டோமேட்டிக்கே ஒரு நாளைக்கு நாலஞ்சு வினாடி முன்னே பின்னே ஓடலாம். 1,000 ரூபாய் பேட்டரி வாட்ச் அதைவிடத் துல்லியமா ஓடும். அப்போ அந்த லட்சத்தை நாம நேரத்துக்காகக் கொடுக்கலை. அதைக் கட்டிக்கிட்டு நடக்கறப்ப வர்ற சந்தோஷத்துக்காகத்தான் கொடுக்கறோம். 'இது ஒரிஜினல்தானா'ன்னு மனசுல ஒரு மூலையில கேட்டுக்கிட்டே இருந்தா, அந்தச் சந்தோஷம் எங்கே இருந்து வரும்?

அந்த ரீலை இன்னொருமுறை திறங்க. டி.எம் பண்ணுங்க, தப்பில்லை. ஆனா 'லாஸ்ட் ப்ரைஸ் என்ன?'ன்னு கேட்காதீங்க. 'சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி பில் கிடைக்குமா?'ன்னு கேளுங்க. அதுக்கு வர்ற பதிலை வெச்சே நீங்க முடிவு பண்ணிடலாம்.